850 ரூபாய்க்குத் தாமிரபரணியைச் சுற்றிக் காட்டும் வேன்: போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆனால் குடிதண்ணீரும் தொப்பியும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், வேனில் கடைசி சீட்டு வேண்டாம், அப்புறம் மத்தியானம் ஸ்ரீவைகுண்டம் அணையில் இறங்கும்போது தூக்கக் கலக்கத்தில் இருக்காதீர்கள். மொத்தப் பயணத்திலும் காசுக்குத் தகுந்த இடம் அதுதான். அங்கே நடந்தது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை.

எங்கள் பக்கத்தில் ஆற்றுக்காக ஓடியாடுகிற ஒரு குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேனை விடுகிறது. பெயரைப் போடவில்லை. நல்ல பிள்ளைகள், கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஆளுக்கு 850 ரூபாய். காலை ஐந்தரைக்குப் பாளையங்கோட்டையில் ஏறினால் பாபநாசம், கன்னடியன் அணைக்கட்டு, திருப்புடைமருதூர், குறுக்குத்துறை, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று ஆற்றோடு ஆறாகவே வந்து சாயங்காலம் புன்னைக்காயலில் கடலைக் காட்டி, ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். பொதிகையில் கிளம்பி மன்னார் வளைகுடாவில் சேருகிற வரை சுமார் 128 கிலோமீட்டர்தான் இந்த ஆறு. பிறந்த மாநிலத்திலேயே கடலில் சேருகிற ஆறு என்பதால் பக்கத்து மாநிலத்தோடு சண்டை கிடையாது. சண்டையெல்லாம் நமக்குள்ளேயேதான்.

கட்டணத்தில் காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, புன்னைக்காயலில் படகு எல்லாம் அடக்கம். மிச்சப் பணம் ஆற்றிலிருந்து துணி எடுக்கும் வேலைக்குப் போகிறது என்று சொன்னார்கள். சொன்னதோடு விடாமல் ரெண்டு நாள் கழித்து டீசல் இவ்வளவு, சாக்கு இவ்வளவு, கொக்கிக் கம்பி இவ்வளவு என்று கணக்கை எல்லோருக்கும் போனில் அனுப்பியும் விட்டார்கள். நூறு ரூபாய் வசூலித்துவிட்டு ரசீதுகூடக் கொடுக்காத கூட்டத்தையெல்லாம் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு விஷயத்துக்கே என் கணக்கில் முழு மதிப்பெண்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஏரல் பக்கம் ஒரு சின்ன ஊர், ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் பாசனம், மாமா இன்னும் அங்கே வாழை போடுகிறார். ஆற்றின் கடைசி முப்பது கிலோமீட்டரை அம்மாவுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி தெரியும், ஆனால் எழுபது வயது வரை பாபநாசத்தைப் பார்த்ததே இல்லை. கடைமடைக்காரர்கள் நிறையப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். பேப்பரில் "பாபநாசம் நீர்மட்டம் இத்தனை அடி" என்று தினமும் பார்ப்பார்கள், 143 அடிக்கு எத்தனை அடி குறைவு என்று விரல்விட்டு எண்ணுவார்கள், அணைப் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

சரி, வேன். பதினேழு சீட்டு, ஏசி கிடையாது, தேவையும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் முதுகெலும்பு தனித்தனியாகக் கழன்றுவிடும்.

பாபநாசத்தில் இறங்கியதும் கோயில் படித்துறை. நாங்கள் போனது தை அமாவாசை முடிந்த அடுத்த ஞாயிறு. நான் சொல்வதைவிடப் போய்ப் பார்த்தால்தான் புரியும். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, பொரிக்கு வாயைத் திறந்துகொண்டு பெரிய பெரிய மீன்கள் படிக்கட்டுக்கே வருகின்றன, அதற்கு நாலடி தள்ளி அடியில் பார்த்தால் தரை தெரியவில்லை, துணிதான் தெரிகிறது. பரிகாரம் என்று உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிற பழக்கம். அந்தக் காலத்தில் ஒரு பருத்தி வேட்டியை விட்டால் அது மட்கியிருக்கும். இப்போது விடுவதெல்லாம் பாலியஸ்டர், மட்கவும் மட்காது, பாறையில் சுற்றிக்கொண்டு மண்ணையும் பிடித்துவைத்துக்கொள்கிறது.

முக்கால் மணி நேரம் நம்மையும் எடுக்க விடுகிறார்கள். கையில் ஒரு நீளக் கம்பி, முனையில் கொக்கி. நான் மாட்டி இழுத்தது ஒரு பச்சைப் புடவை. புடவைதானே என்று இழுத்தால் வரவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவனும் பிடித்தான், ரெண்டு பேரும் இழுத்தோம், அது மெதுவாக மண்ணை விட்டு எழுந்து வருகிறது, வர வர அதனோடு சுற்றிக்கொண்டு இன்னொரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு குழந்தையின் பாவாடை, நடுவில் ஒரு சின்ன நண்டு. கரைக்குக் கொண்டுவந்து போட்டபோது சாக்கு நிறைந்துவிட்டது. ஒரே ஒரு இழுப்பு. கையுறை கொடுத்தார்கள், சின்னப் பிள்ளை அளவு, எனக்கு விரல் பாதிதான் நுழைந்தது. பெரிய கையுறை பத்து ஜோடி வாங்கி வையுங்கப்பா, அதற்கு வேண்டுமானால் இன்னும் இருபது ரூபாய் சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம் டிபன். வாழையிலையில் கட்டின இட்லி, மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் குழைத்தது, தேங்காய்ச் சட்னி. இட்லியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, மிளகாய்ப்பொடிக்காக இன்னொரு தடவைகூடப் போகலாம். ஆனால் கூடவே ஆளுக்கு ஒரு கால் லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்! ஆற்றைக் காப்பாற்றுகிற பயணம், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறோம், முக்கால் மணி நேரம் ஆற்றிலிருந்து பிளாஸ்டிக்கையும் பாலியஸ்டரையும் அள்ளிப் போட்டிருக்கிறோம், கையில் பாட்டில். அதுவும் இந்த மாவட்டத்தில். கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்கு ஆற்றுத் தண்ணீர் போகிறது என்று ஊரே கொதித்து, 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டு, 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கி, அதே மாதம் தமிழ்நாடு முழுக்க வியாபாரிகள் அந்தக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று நின்ற கதையை வேனில் வரும்போது இவர்களேதான் மைக்கில் சொன்னார்கள். கேட்டதற்கு ஒரு தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "கேன் வாங்கினா டம்ளர் கழுவணும் அண்ணாச்சி, ஆள் இல்ல" என்றான். நியாயம்தான், ஆனால் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லி ஒரு வரி அனுப்பினால் முடிந்துவிடும்.

கன்னடியன் அணைக்கட்டில் இந்தக் குழுவின் திறமை தெரிகிறது. விளக்கம் சொல்கிற தம்பி இங்கேதான் உற்சாகமானான். தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம்மவர்கள் கட்டியது, எட்டாவது மட்டும் 1873-ல் முடிந்தது. மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் தண்ணீரைத் தேக்கும். இந்த எட்டும் தேக்குவதற்கு இல்லை, ஓடுகிற ஆற்றைக் கொஞ்சம் மறித்துக் கால்வாய்க்குள் திருப்பிவிடுவதற்கு. மறித்தது போக மிச்சம் அணையின் தலைமேல் வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். அடுத்த ஊர்க்காரன் அதை மறிப்பான். இப்படியே எட்டு கை மாறித்தான் கடலுக்கு. தம்பி இதைச் சொன்ன விதம் அழகு: ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி ஒரு பக்கமிருந்து வருகிற மாதிரி, முதல் இலைக்காரர் எவ்வளவு ஊற்றிக்கொள்கிறார் என்பதைக் கடைசி இலைக்காரர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்றான். அம்மா உடனே, "நாங்க கடைசி இலை. எங்களுக்கு ரசம்தான் வரும்" என்றாள். வேனில் எல்லோரும் அம்மாவோடு சிநேகமாகிவிட்டார்கள்.

கன்னடியன் கதையையும் சொன்னான். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தை இந்தக் கால்வாய்க்காகவே செலவழித்தாராம், எந்த வழியாக வெட்டுவது என்று தெரியாமல் ஒரு பசுவின் பின்னாலேயே நடந்தாராம், பசு போன வழி கால்வாய், பசு படுத்த இடம் குளம். கதைதான். ஆனால் மேடு பள்ளம் பார்த்து நடக்கிற மாட்டின் காலைப் பின்தொடர்வது லெவல் பார்க்கிற வேலையேதானே என்று எனக்குத் தோன்றியது. கேட்டுவிட்டு அந்தக் கால்வாயைப் பார்த்தால் வளைந்து வளைந்து போவதற்கு ஒரு அர்த்தம் வருகிறது.

இங்கேயே இன்னொன்றையும் காட்டினார்கள், வெள்ளநீர்க் கால்வாய். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைக்கும் திட்டம், 2009-ல் தொடங்கி, இழுத்து இழுத்து, 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் எம்.எல். தேரி வரைக்கும் சுமார் 75 கிலோமீட்டர். மழைக்காலத்தில் கடலுக்கு வீணாகப் போகிற வெள்ளத்தை வறண்ட நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் திருப்புவது என்பது திட்டம். "வீணாக" என்ற வார்த்தையைத் தம்பி வேகமாகத் தாண்டிப் போனான். எங்களோடு வந்த சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் மட்டும் கரையில் இறங்கி, கால்வாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருப்புடைமருதூரில் இருபது நிமிடம். மருத மரங்களும் நாரைகளும் ஆறும். 2005-லேயே பறவைகளுக்காகக் காப்பகமாக அறிவித்த இடம், ஊர்க்காரர்களே பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருக்க விட்டார்கள், அதற்கு நன்றி.

குறுக்குத்துறையைப் பற்றி என்ன சொல்ல. ஆற்றுக்கு நடுவில் முருகன் கோயில், வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கோயில் முங்கி எழும். நெல்லைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். ஆனால் அங்கிருந்து கீழே கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை வரைக்கும் ஊர்ச் சாக்கடை எங்கெங்கே ஆற்றில் சேருகிறது என்பதையும் காட்டுவதாக நோட்டீஸில் போட்டிருந்தது. காட்டினார்கள், ஓடுகிற வேனிலிருந்து. 1843-ல் கட்டின சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் போகும்போது, "வலது பக்கம் பாருங்க" என்றான் தம்பி, நான் பார்ப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. இந்தச் சாக்கடை விவகாரம் வருஷக்கணக்காக நீதிமன்றத்தில் இருக்கிறது, 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே ஆற்றுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். நீதிபதிகள் இறங்கிப் பார்த்த இடத்தை 850 ரூபாய் கொடுத்த நாங்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். பாபநாசத்தில் துணி எடுக்கக் கொடுத்த முக்கால் மணியில் கால் மணியை இங்கே கொடுத்திருக்கலாம். வாசம் வரும், வரட்டுமே.

மத்தியானச் சாப்பாடு ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஒரு வீட்டில். சொதி! இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். தேங்காய்ப்பால் திரியாமல், காய் குழையாமல், மறுவீட்டு விருந்துச் சொதி மாதிரியே இருந்தது. நான் மூன்று தடவை வாங்கினேன். சாப்பாட்டுக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்குப் பதினொன்று போடுவேன்.

இப்போது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. நிரலில் "15 நிமிடம், புகைப்படம்" என்றுதான் இருந்தது. இறங்கிப் பார்த்தால் அணைக்கு முன்னால் பச்சைப் போர்வை, அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை. அதற்கு அடியில் மண். நூறு வருஷத்துக்கு மேல் தூரே எடுக்காமல் கிடந்து, பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்குப் போய், 2015-ல் உத்தரவு வந்த பிறகுதான் தூர்வாரத் தொடங்கினார்கள், அப்புறம் தூர்வாருகிறார்களா மணல் அள்ளுகிறார்களா என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. இதையெல்லாம் தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போது டிவிஎஸ் 50-ல் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு, "யாருப்பா, அதிகாரிமாரா?" என்று கேட்டார். இல்லை, சும்மா ஆறு பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், "பாருங்க, நல்லா பாருங்க" என்று அங்கேயே நின்றுவிட்டார்.

பிசானப் பயிர், அதாவது மழைக்காலத்து நெல், பால்பிடிக்கிற நேரம். அவருக்கு வடகாலில் ஒன்றரை ஏக்கர். இன்னும் ரெண்டு நனைப்பு, அதாவது ரெண்டு தடவை தண்ணீர் கிடைத்தால் நெல் தேறிவிடும், ஒன்றோடு நின்றால் பாதி பதர் என்றார். ஜூனில் தொடங்குகிற கார் சாகுபடி என்று இங்கே ஒன்று இருந்ததே தன் பேரனுக்குத் தெரியாது என்றார். "மேல அணை எல்லாம் பாத்துட்டுத்தானே வாறீங்க. அங்கெல்லாம் தண்ணி எப்படி, கரைபுரண்டு போகுதுல்லா?" என்று அவர் கேட்டபோது எங்களில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் நிஜமாகவே நன்றாகத்தான் ஓடியது.

தூத்துக்குடிக்கு வெளியே குடியிருக்கிற ஒரு அக்கா எங்களோடு வந்திருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, தப்பா நினைக்காதீங்க, எங்க தெருவுல குடம் பத்து ரூபாய்க்கு வாங்குதோம். நாங்க என்ன செய்ய?" வல்லநாடு, கலியாவூர்ப் பக்கம் ஆற்றிலிருந்து எடுக்கிற தண்ணீர்தான் தூத்துக்குடி மாநகரத்துக்கே குடிதண்ணீர். பெரியவர் கோபப்படவில்லை. "குடிக்கதுக்கு வேண்டாம்னு எவனாவது சொல்லுவானாம்மா? நாங்க கேக்கது, ஆலைக்குப் போகுதே அதை" என்று கையை அந்தப் பக்கம் நீட்டினார். 20 எம்ஜிடி திட்டத்தைச் சொல்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு கோடி கேலன், அதாவது சுமார் ஒன்பது கோடி லிட்டர், இந்த அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காகப் போட்ட திட்டம். இதுவும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்குதான். ஆலைக்குக் கடல் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுங்கள், பக்கத்திலேயே கடல் கிடக்கிறதே என்பது கடைமடைக்காரர்களின் பழைய கோரிக்கை.

எனக்கு இங்கே தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது. என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை அந்த ஆலைகளில் ஒன்றில்தான். போன தீபாவளிக்கு அம்மாவுக்கு வந்த பட்டுப்புடவை அந்தத் தண்ணீரில்தான் வந்தது. மாமாவின் வாழை வாடுவதும் அதே தண்ணீரால்தான். நான் எந்தப் பக்கம் பேசுவது? பேசாமல் அமலைச்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாத்தான்குளத்துக்காரர் அதுவரை சும்மா இருந்தவர், "நாங்க வெள்ளத்தண்ணி மட்டும்தான் கேக்கோம். கடலுக்குப் போறதைத்தானே" என்றார். அங்கேதான் பிடித்துக்கொண்டது. எது வெள்ளம் என்று யார் முடிவு செய்வது, மேலே ஷட்டரைத் திறக்கிறவர் எங்கள் வயலைப் பார்த்துவிட்டா திறப்பார் என்று பெரியவர் கேட்க, உங்களுக்கு ரெண்டு போகம், எங்களுக்குக் குடிக்கவே கிணறு இல்லை என்று இவர் சொல்ல, அக்கா நடுவில் ஏதோ சமாதானம் சொல்ல, கடைசியில் என் அம்மா. "2023 மார்கழி வெள்ளத்துல இந்தத் தண்ணிதான் எங்க வீட்டுக்குள்ள நெஞ்சளவுக்கு நின்னுச்சு. ஏரல் கடைத்தெருவே போச்சு. அப்போ வாங்கன்னா யாரும் வரல" என்றாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சனங்களோடு மாட்டிக்கொண்டு நின்ற வெள்ளம். அம்மா சொன்னதும் சாத்தான்குளத்துக்காரர் சிரித்துவிட்டார், "இனிமே அந்தத் தண்ணியை எங்களுக்கு அனுப்புங்க மதினி" என்றார். பெரியவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அனுப்புவோம். ஆனா மாசி மாசத்துல வந்து கேக்கப்பிடாது" என்றார்.

உள்ளூர் நூலகத்தில் எத்தனை கருத்தரங்கம் போட்டாலும் இந்த இருபது நிமிடம் வராது. சரியாக இந்த இடத்தில் நம் குழுவின் பெரிய தம்பி கையைத் தட்டி, "சரி சரி, எல்லாரும் வாங்க, குரூப் போட்டோ எடுத்துருவோம்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். வேனில் ஏறின பிறகும் அடங்கவில்லை. ரெண்டு நாள் கழித்து அவனுக்கே போன் போட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னான்: குழுவில் மேல்மடை விவசாயி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறான், கடைமடைப் பிள்ளையும் இருக்கிறான், தூத்துக்குடி ஆலையில் வேலை பார்க்கிறவர்களும் நன்கொடை தருகிறார்கள், துணி எடுக்கும்போது எல்லோரும் ஒன்றாக வருவார்கள், தண்ணீர் யாருக்கு என்று பேச ஆரம்பித்தால் குழு மூன்றாக உடைந்துவிடும் என்றான். உண்மைதான். துணி எடுக்காதே என்று எவனும் வரமாட்டான், ஷட்டர் பக்கம் போனால் மூன்று தாலுகாவும் வந்து நிற்கும்.

ஆனாலும் நான் சமாதானமாகவில்லை. ஆற்றைச் சுத்தம் செய்வதும் தண்ணீர் யாருக்கு என்பதும் வேறு வேறு விஷயமா என்ன? கோடையில் மேலே இருந்து குடிதண்ணீருக்கு மட்டும் கொஞ்சமாக விடுகிற நாளில் நெல்லைச் சாக்கடை குறைவதில்லை, ஆறுதான் குறைகிறது. அப்போது கீழே வருவதில் எவ்வளவு ஆறு, எவ்வளவு சாக்கடை? 86,107 ஏக்கர் பாசனம், எத்தனையோ ஊர்களின் குடிநீர், ஆலைகள், இப்போது புதுக் கால்வாய் எல்லாம் எடுத்தது போக, ஆற்றுக்கென்று எவ்வளவு விடுவது என்பதை யாராவது பேசித்தானே ஆகவேண்டும். கரையில் இறங்கி வேலை செய்கிற இவர்கள் பேசினால் பெரியவர் கேட்பார், சாத்தான்குளத்துக்காரரும் கேட்பார், அதைத்தான் அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்தேன். தம்பி "யோசிக்கோம்" என்றான். பார்ப்போம்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் நேரமாகிவிட்டதால் ஆத்தூரில் பத்து நிமிடம்தான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின வெற்றிலை, அம்மா ரெண்டு கவுளி வாங்கினாள், அதே காரம். கொற்கையை வேனிலிருந்தே கைகாட்டினார்கள். பாண்டியர் துறைமுகம் இன்றைக்குக் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடப்பதற்கு இந்த ஆறு கொண்டுவந்து கொட்டின மண்தான் காரணம் என்பதை ஒரு ரெண்டு நிமிடம் நிறுத்திச் சொல்லியிருக்கலாம், ஸ்ரீவைகுண்டத்தில் மண்ணைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு சொன்னால் நன்றாக ஏறும். புன்னைக்காயலில் படகு வரவில்லை. சொல்லிவைத்த படகுக்காரர் வேறு வேலையாகப் போய்விட்டாராம். கரையில் நின்றே அலையாத்திச் செடிகளையும் ஆறு கடலில் சேருகிற இடத்தையும் பார்த்தோம், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. படகுக்கான நூறு ரூபாயை மறுநாள் காலையிலேயே நான் கேட்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யார் போகலாம்: நடக்க முடிந்த எல்லோரும். பாபநாசம் படித்துறை வழுக்கும், வயதானவர்களுக்கு ஒரு கை துணை வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் அழுதுவிடுவார்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றுத்துணி ஒன்று, அந்தத் துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். கழிப்பறைக்கு நிறுத்துகிற இடங்கள் பரவாயில்லை, பெண்களுக்குத் திருப்புடைமருதூரில் மட்டும் சிரமம், முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மேல்மடையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிற சமயம் போனால் கால்வாய்களில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். கோடை உச்சியில் போனால் வெயில் கொல்லும், ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் பேச ஆள் நிறையக் கிடைப்பார்கள்.

ஐந்துக்கு நான் மூன்றரை கொடுக்கிறேன், சொதி இல்லாவிட்டால் மூன்று. குரூப் போட்டோவை நிறுத்திவிட்டு அந்தப் பதினைந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினால் நாலரை கொடுப்பேன். அந்தப் பெரியவருக்கு ரெண்டாவது நனைப்பு கிடைத்ததா என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள், போன் நம்பர் வாங்காமல் வந்துவிட்டோம். ஜூன் பயணத்துக்கு ரெண்டு சீட்டு சொல்லி வைத்திருக்கிறேன், முன் வரிசையில்.